பின்னணி நீக்கம்

மத்தியானம் ஒன்றியத்திலிருந்து ஃபோன்.
பூபேஷுக்குக் கண்ணீர் அஞ்சலி, எட்டுக்குப் பத்து.
போட்டோ உன்ற கிட்டயே இருக்குமே, போட்டுரு.

இருந்தது.
வேட்பாளர் பேனரில் இடது ஓரம்,
பதினான்காவது லேயர்,
பதினேழு தலைகளில் கடைசித் தலை.
கழுத்தில் கட்சித் துண்டு. துண்டின்மேல்
அண்ணனின் கை, மோதிரத்தோடு.

வெட்டி அனுப்பினேன்.
ஐந்து நிமிடத்தில் பதில்:
எல்லாம் நல்லாருக்குது. அந்தக் கைய மட்டும் எடுத்துரு.

கையை எடுப்பது எளிது.
பக்கத்துத் துணியைக் கொஞ்சம் நகலெடுத்து
மேலே மேலே பூச வேண்டும்.
விரல் விரலாக நான்கு நிமிடம்.
மோதிரக் கல் மட்டும்
போக மாட்டேனென்று ஒரு புள்ளியாய் நின்றது.
அதையும் பூசினேன்.

சாயங்காலம் எதிர்க்கட்சி.
கையோட இருக்கற படம் வேணும் தம்பி,
என்ன ரேட்டுன்னாலும் சரி.
பையன் மூஞ்சி மங்கலா இருந்தாலும்
பரவால்லை.

முத்தூர் ரோட்டில் ஒன்பது வருஷக் கடை.
காதணி விழா, பூப்பு நன்னீராட்டு,
ரெண்டு கட்சி, மூணு சாதிச் சங்கம்,
யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை.

எஃப்.ஐ.ஆர். சொல்கிறது:
இரவு பதினொன்றரை, ஓலப்பாளையம் வளைவு,
குடிபோதையில் பைக் கவிழ்ந்து.
என் பில் புக் சொல்கிறது:
இரவு பன்னிரண்டே முக்கால்,
நாற்பதுக்கு இருபது ஒன்று,
பெற்றுக்கொண்டவர் பூபேஷ்.
செத்து ஒன்றேகால் மணி நேரம் கழித்து
என் பேனாவில் கையெழுத்துப் போட்டு
பேனாவையும் பையில் செருகிக்கொண்டு போனவன்.
"தலைவர் காத்தால எட்டுக்கு வர்றாருங்ணா,
இன்னும் சாரமே கட்டலீங்க."

சாரம் கட்டிய இடத்துக்கு மேலே
கரண்ட் லைன் போகிறது என்பது
அந்த வழியாகப் போகிற எருமைக்கும் தெரியும்.
விடிவதற்குள் குழியை மூடி
மேலே ஜல்லி கொட்டிவிட்டார்கள்.

பில்லை ஒன்றியமே நேரில் வந்து கேட்டார்.
ரெண்டு வருஷப் பாக்கி, ஒரு லட்சத்து எண்பத்தாறு,
நாளைக்கே செட்டில்.
கிழித்துக் கொடுத்தேன்.
அடியிலிருந்த கார்பன் காப்பியை அவர் கேட்கவில்லை.
தைரியமென்று யாரும் நினைக்க வேண்டாம்,
எனக்கும் நினைவில்லை.

கடை சாத்தும் நேரத்தில் சுகாசினி வந்தாள்.
பனியன் கம்பெனி வேன் இறக்கிவிட்டுப் போயிருந்தது,
முடியெல்லாம் பஞ்சு.
"அவன் படம் ஒண்ணு வேணுங்ணா, வீட்ல மாட்ட.
கட்சி வேண்டாம். துண்டு வேண்டாம்.
எங்க தம்பி மட்டும்."

துண்டை எடுத்தேன்.
அடியில் தோள் இல்லை.
சாம்பலும் வெள்ளையுமாய்ச் சின்னச் சதுரங்கள்.
ஒன்றுமில்லை என்பதற்குக்
கம்ப்யூட்டரில் அதுதான் நிறம்.

சட்டை என்ன கலர் கண்ணு?
பிளாஸ்டிக் கவரைப் பிரித்து மேசையில் விரித்தாள்.
காங்கேயம் ஜி.எச்.சில் கொடுத்தது.
"இதேதானுங்க போட்டோலயும்.
நல்ல சட்டைன்னு இது ஒண்ணுதான்."

பிஞ்சு மாங்காய்ப் பச்சை.
ரோட்டில் உரசிய கிழிசல் எங்கும் இல்லை.
வலது கை மடிப்பில்
விளிம்பு கருகிய ஓட்டை, ஒரு ரூபாய் அகலம்.
பையில் பேனா உருகித் துணியோடு ஒட்டி
நீலமை நெஞ்சு முழுக்க.
பாதி எழுத்து இன்னும் படிக்க முடிந்தது:
அண்ணமார் டிஜிட்...

சுவரில் மாட்டிப் படமெடுத்தேன்.
"கலர் பாத்துப் போடுங்ணா" என்றாள்.
"அந்த மை மட்டும் வேண்டாங்க.
அம்மா பாத்தா தாங்காது."

மத்தியானம் மோதிரத்துக்கு எடுத்த அதே தூரிகை.
பூசுவதற்கு முன்னால்
படத்தை மையோடு ஒருமுறை
தனியாகச் சேமித்தேன்.
என்ன பெயர் என்று கேட்டது.
பன்னிரண்டே முக்கால் என்று அடித்தேன்.